வெள்ளைக் கனகாம்பரத்தின் விதை

எழுபதுகளில் காமயகவுண்டன்பட்டியில் எனக்குக் கனகாம்பரத் தோட்டம் இருந்தது. மஞ்சள் பூச்செடிகளில் வெளுத்த பூ பூத்தவற்றின் விதையையே வருடாவருடம் பொறுக்கி விதைத்ததில், பல வருடம் கழித்து ஒரே ஒரு செடி வெள்ளையாகப் பூத்தது. அதன் காய்கள் முற்றிக் காய்ந்த நாளில் மழை வந்துவிட்டது. கனகாம்பரக் காய் நனைந்தால் வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். செடியை வெறுங்கையால் பொத்திக்கொண்டு நின்றேன். ஒரு காய் வெடித்து விதை சேற்றில் விழுந்தது.

தண்ணீர்த் தகராறில் என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்த பக்கத்துத் தோட்டக்காரி, கொடியில் கிடந்த தன் சேலையை உருவிக்கொண்டு ஓடிவந்து செடியைச் சுற்றி விரித்தாள்.

"கைய எடு ஆத்தா! மழையவா பிடிச்சு நிறுத்தப்போற? வெடிக்கட்டும், இதுல விழட்டும்."

விதைகள் சேலையில் தெறித்தன.

"நல்ல சேலை, சேறாகுதே" என்றேன்.

"என் சேலைதான, நீ வெதையப் பாரு."

அவள் செடிக்கு இப்படி ஆகியிருந்தால் நான் ஓடியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.