ஸ்டீரியோ பாடில்ல

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கியிருக்கிறேன். எழுத உட்காருவேன், அடுப்பில் ஏதாவது பொங்கும், எழுந்துவிடுவேன். பொங்காவிட்டாலும் எழுந்துவிடுவேன். எங்கள் சஷ்டிக் கூட்டத்தில் என் மாமா இந்தக் கதையைச் சொல்லாத வருஷம் கிடையாது. செத்துப்போன கார் ஸ்டீரியோ செட்டை முருகன் பாட வைத்தான், கார் விற்றது, அக்கா பிழைத்தாள் என்று அவர் முடிக்கும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் ஒன்றை விட்டுவிடுகிறார். அதை நான் எடுத்துச் சொன்னால் சாமி காரியத்தில் இவள் குறை கண்டுபிடிக்கிறாள் என்று ஆகிவிடுமோ என்றுதான் பயந்திருந்தேன். நான் பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவள். தமிழ் எழுத்து, அம்மாவோடு உட்கார்ந்து பக்திப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்து வந்ததுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் மட்டாஞ்சேரியில், சுக்கு மிளகு கோடவுன்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அப்பா இட்லி மாவு அரைத்து ஹோட்டல்களுக்குப் போடுவார். மாவு கொண்டுபோவதற்கென்று பழைய வெள்ளைக் கார் ஒன்று வைத்திருந்தார். பின் சீட்டை மடித்துவிட்டு மாவுப் பாத்திரங்களை அடுக்குவார். கடவுள் புண்ணியத்தில் அந்தக் கார் ஒருநாளும் எங்களைப் பட்டினி போட்டதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் பணம் கட்ட வேண்டும். வீட்டில் பெரியவர்கள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் ஏதோ கெட்ட சேதி என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த வாரம் முழுக்க மெதுவாகத்தான் பேசினார்கள். கடைசியில் ஒருநாள் அப்பா கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "காரைக் கொடுத்துடலாம்."

அந்த சனிக்கிழமை பள்ளுருத்தியிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எலக்ட்ரீஷியன் கடையில் எடுபிடியாக இருந்தவர், ஆனால் டெஸ்டரைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் கரண்ட் ஆபீஸே அவருடையது போலிருக்கும். காரில் கரண்டில் ஓடுகிற சாமான் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்த்து, அதை விளம்பரமாக எழுதிப் பின் கண்ணாடியில் ஒட்டுவது, அதையே போட்டோ எடுத்து மாமாவின் போனிலிருந்து தெரிந்தவர்களுக்கு அனுப்புவது. இதுதான் ஏற்பாடு. அப்பாவுக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. மாமாவுக்கும் அப்படித்தான். அதனால் ஸ்கெட்ச் பேனா என் கைக்கு வந்தது.

அப்பா குளித்து விபூதி பூசிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக அழுத்தினார். பவர் விண்டோ முன்பக்கம் இரண்டும் ஏறி இறங்கின. பின்பக்கம் இடது கண்ணாடி இறங்கியது, ஆனால் ஏறும்போது கையால் கொஞ்சம் தூக்கிவிட வேண்டியிருந்தது. சென்ட்ரல் லாக் இரண்டாம் முறை அழுத்தினால்தான் கேட்டது. ரிவர்ஸ் போட்டால் வருகிற சத்தம் மட்டும் சந்தின் நாய்களையெல்லாம் எழுப்பும் அளவுக்கு நன்றாக இருந்தது. டாஷ்போர்டில் மினுக்கி மினுக்கி எரியும் ஒரு சின்ன முருகன் படம் எப்போதும் இருக்கும். மாமா அதையும் எழுதச் சொன்னார்.

"சாமியைக் கழட்டி வீட்டுக்குள்ள வெச்சாச்சு. விற்கிறதுல சேர்க்காத" என்றார் அப்பா.

ஸ்டீரியோவில்தான் தகராறு வந்தது. விளக்கு எரியும், நம்பர் ஓடும், சத்தம் வராது. உள்ளே ஒரு பக்திப் பாட்டு சிடி மாட்டிக்கொண்டு வெளியே வராமலே கிடந்தது. மாமா ஃபியூஸைப் பார்த்தார், வயரை இழுத்தார், கடைசியில் உள்ளங்கையால் அடித்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"ஸ்டீரியோ உண்டுன்னு எழுது" என்றார் மாமா என்னிடம். "உண்டுதானே? கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"பாடாதுன்னும் எழுது" என்றார் அப்பா.

"மச்சான், வாங்க வர்றவன் கேட்டா சொல்லிக்கலாம். கேக்காதவனை எதுக்குக் கூப்பிட்டுச் சொல்லணும்?"

அப்பா என்னைப் பார்த்தார். "நீ எழுதும்மா. ஸ்டீரியோ பாடாது."

எழுதினேன். அப்பா சொன்ன தமிழை அப்படியே மலையாளத்தில் போட்டு, 'ஸ்டீரியோ பாடில்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மலையாளத்தில் பாடில்ல என்றால் பாடாது என்றும் ஆகும், கூடாது என்றும் ஆகும். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் புகைபிடிக்கக் கூடாது என்பதற்கு 'புகைவலி பாடில்ல' என்று எழுதியிருப்பது அந்தக் கூடாதுதான். போர்டு மாதிரி எழுதினால் எல்லோரும் கூடாது என்றுதான் படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமா போட்டோ எடுத்து அனுப்பினார்.

சாயங்காலத்திலிருந்து மாமாவின் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிப்புக்கும் நான் மனசுக்குள் முருகா என்பேன். ஒருவன் கேட்டானாம், "சேட்டா, இது சவம் எடுக்குன்ன வண்டியாணோ? பாட்டு பாடில்லன்னு எழுதியிருக்கே." இன்னொருவன், விசில் அடித்தால் இறக்கிவிடுவீர்களா என்றானாம். காரைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. மாமா இதையெல்லாம் பிற்பாடுதான் சொன்னார், அன்றைக்கு எனக்கும் அப்பாவுக்கும் சொல்லவில்லை. வாசலில் நின்று போனைக் காதில் வைத்தபடி முகத்தைச் சுருக்குவார், "ராங் நம்பர்" என்பார். உள்ளே அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒவ்வொரு ராங் நம்பருக்கும் அவள் முதுகு கொஞ்சம் அசைவது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் ஒருவர் மனைவியோடு வந்து இறங்கினார். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம். அவர் ஆபீஸ் நண்பர்களுக்குள் என் எழுத்தின் போட்டோ போன் போனாகச் சுற்றிக்கொண்டிருந்ததாம். பின் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அவர் மனைவி, அந்தச் சேச்சி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மோளே, இது நீ எழுதியதாணோ?" என்றார் அவர். பிறகு அப்பாவிடம் திரும்பி ரொம்பப் பணிவாக, "சேட்டா, ஈ வண்டியில் நமுக்கு பாட்டு பாடாமோ?" என்று கேட்டார்.

கேலி என்று அப்பாவுக்குப் புரியவில்லை. "பாடலாம் சேட்டா, தாராளமாப் பாடலாம். நீங்க பாடலாம். செட்டுதான் பாடாது."

அவர்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. அப்பாவும் கூடவே சிரித்தார், எதற்கென்று தெரியாமல். எனக்கு அழுகை வந்தது. சிரிக்க வந்தவர்கள் வாங்கவா போகிறார்கள்?

ஆனால் அவர் சிரித்து முடித்ததும் கையில் போனை எடுத்தார். வண்டியில் எதையெதைச் சோதிக்க வேண்டும் என்று அதில் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொரு கண்ணாடியையும் ஏற்றி இறக்கினார். காதை வைத்துக் கேட்டார். வைப்பர், ஏசி, லாக், உள்விளக்கு. ஒன்றைப் பார்த்ததும் போனில் ஒரு தட்டு. அவர் தட்டும்போதெல்லாம் பாஸா பெயிலா என்று தெரியாமல் நான் அவர் முகத்தையே பார்த்தேன். சேச்சி கதவுக்குள் தலையை நீட்டி, "எந்தா ஈ மணம்? தோசையோ?" என்றாள். மாமா உடனே, "ஃபேமிலி யூஸ் பண்ணின வண்டி சேச்சி" என்றார்.

பாதி முடிந்ததும் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். அப்பா முன்னால் அவர் பக்கத்தில். பின்னால் சேச்சி, மாமா, நடுவில் நான். சின்னப் பிள்ளை இருந்தால் வாங்குகிறவர் மனசு இளகும் என்று மாமாதான் என்னை ஏற்றிவிட்டார். பஜார் ரோட்டைத் தாண்டி தோப்பும்படிப் பாலத்துப் பக்கம் போனோம். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் நான் எட்டி அப்பாவைப் பார்த்தேன்.

பாலத்துக்கு முன்னால் ஒரு ஹம்ப், வேகத்தடை. அவர் பார்க்கவில்லை. வண்டி எகிறி விழுந்தது. விழுந்த வேகத்தில் டாஷ்போர்டுக்குள் கரகரவென்று ஏதோ கத்தியது. அடுத்த நொடி நாதஸ்வரமும் தவிலுமாக, உள்ளே மாட்டிக்கிடந்த முருகன் பாட்டு கார் முழுக்கக் கேட்டது.

மாமா "முருகா!" என்று கத்தியே விட்டார். பாடிவிட்டது என்று சேச்சி கைதட்டி, "பாடி! பாடி!" என்றாள். ஓட்டிக்கொண்டிருந்தவர் திரும்பி அப்பாவைப் பார்த்து, "சேட்டா, கேமமாயிட்டு பாடுன்னுண்டல்லோ!" என்றார், ஜோராகப் பாடுகிறதே என்று. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வீட்டுக்குள் கழற்றி வைத்த சாமி எங்கள் பின்னாலேயே வந்துவிட்டான் என்று நினைத்தேன். அம்மா பிழைத்துவிடுவாள். அந்தப் பாட்டுக்கு எனக்கு அதுதான் அர்த்தம்.

அப்பா கையை நீட்டி செட்டை அணைத்தார்.

"சேட்டா, இது ரொம்ப நாளாப் பாடாத செட்டு" என்றார். "இன்னிக்கு என்னமோ பாடுது. நாளைக்குப் பாடும்னு எனக்கு உறப்பில்ல. பாடாத வண்டின்னே நினைச்சுப் பாருங்க."

மாமா என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது, எனக்கு வலித்தது. கொஞ்சம் தள்ளிப்போய் அந்தக் காக்கநாட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். மடியில் வைத்திருந்த போனை எடுத்தார். மீதி சோதனை செய்யப்போகிறார் என்று நினைத்தேன். செய்யவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போகாம்" என்று வண்டியைத் திருப்பினார். இன்னும் பாதி பார்க்க வேண்டியிருந்தது. ரிவர்ஸ் சத்தத்தை அவர் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. இருந்ததிலேயே நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

வேண்டாம் என்று முடிவு செய்தவர்தானே சோதனையைப் பாதியில் விடுவார்? எனக்கு அப்படித்தான் புரிந்தது.

வீடு வந்ததும் சேச்சி அம்மாவைப் பார்க்க உள்ளே போனாள். அவர் சாயா கிளாஸோடு வாசலில் நின்று யாரோடோ போனில் பேசினார். காருக்குப் பின்னால் மாமா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி போட்ட பாட்டை அணைக்க நீங்க யாரு மச்சான்?"

அப்பா வண்டியின் பின்கதவைச் சாத்தினார்.

"வாயை மூடிக்கிட்டு இருந்தா போதுமாயிருந்துச்சே! பொய்கூடச் சொல்ல வேணாமே!"

"அவ வயித்துல கத்தி வைக்கப்போற பணம்டா அது. சுத்தமா வரட்டும்" என்றார் அப்பா.

எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. சாமி அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். மினுக்கும் விளக்கு இல்லாமல் முருகன் படம் சும்மா சாய்ந்து நின்றது. 'நீ பாட வெச்ச, அப்பா கெடுத்துட்டாரு. இனி வேற ஏதாவது பண்ணு' என்று அழுதேன். ஆபரேஷன் நாளுக்குள் இன்னொருவர் வருவாரா? வந்தாலும் அப்பா இப்படித்தானே சொல்வார்? இவர் சொல்லிச் சொல்லியே அம்மாவைக் கொன்றுவிடுவார் என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பை முருகன் மன்னிக்கட்டும்.

வெளியே மாமாவின் குரல் உயர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வந்தவர் வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அப்பாவின் கையில் அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். செட்டுக்கென்று கொஞ்சம் குறைத்திருந்தார், அது நியாயம்தான். மற்றதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்பக்கக் கண்ணாடியைக் கையால் தூக்க வேண்டும் என்று அப்பா மறுபடி ஆரம்பித்தபோது, போதும் என்று கைகாட்டி, "மதி சேட்டா, மதி" என்று சிரித்தார். போகும்போது நான் எழுதிய காகிதத்தைக் கிழியாமல் உரித்து மடித்து எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்றைக்கும் இருக்கிறாள், என்னைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். கார் வாங்குவதற்கு முன்பு மாதிரி அப்பா மறுபடி ஸ்கூட்டரில் மாவு போட்டார். அந்தச் செட் அதற்குப் பிறகு பாடியதா என்று எங்களுக்குத் தெரியாது.

மாமா சொல்கிற கதையைத்தான் நானும் ரொம்ப காலம் நம்பினேன். பாட்டு கேட்டது, அதனால் வாங்கினார். அப்பா குறுக்கே புகுந்து கெடுக்கப் பார்த்தும் சாமி விடவில்லை. இப்படித்தான் என் கணக்கு. சமீபத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய கார் பார்க்கப் போனோம். விற்கிறவர் எதைக் கேட்டாலும் "உண்டு, உண்டு" என்றார். எல்லாமே வேலையும் செய்தது. அப்படியும் இவர் எல்லா சுவிட்சையும் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தார். விரலை எடுக்க இவருக்கு மனசு வரவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். போனை எடுத்துப் பைக்குள் போட்ட அந்தக் காக்கநாட்டுக்காரர், அன்றைக்கு வேண்டாம் என்று சோதனையை நிறுத்தவில்லை. அப்பாவின் பேச்சை நம்பித்தான் நிறுத்தினார், அன்றைக்குச் சின்னப் பிள்ளையாக இருந்த எனக்கு அது புரியவில்லை.

செட்டைப் பாட வைத்தது முருகன்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. எதற்காகப் பாட வைத்தான் என்பதில்தான் என் மாமாவுக்கும் எனக்கும் வித்தியாசம். படிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் கூட்டத்துக்கும் இதைச் சொல்லுங்கள், கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். செட் பாடியது என்று சொல்லி அங்கேயே கைகூப்பி எழுந்துவிடாதீர்கள். அப்பா அதை அணைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.