நான்காவது பழுது

அந்தக் கட்டிடத்தில் அவரை எல்லோரும் 'ஹலோ' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடங்களாகத் தினமும் காலையில் ஒவ்வொரு மைக்காகக் கையில் எடுத்து "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்தே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். இருநூறு இருக்கைகள் கொண்ட கூட்ட அரங்கில் புரொஜெக்டர், ஸ்பீக்கர், மிக்ஸர் என்று எல்லாம் அவர் பொறுப்பு. எந்த ஸ்பீக்கர் மழைநாளில் கரகரக்கும், எந்த அதிகாரி மைக்கை விழுங்கப்போவது போல் பேசுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அதே கட்டிடத்தின் வரவேற்பு மேசையில் அவர் மனைவி வேலை பார்த்தாள். காலையில் ஒரே பஸ்ஸில் போய், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். ஒருவர் சோற்றை ஒருவர் மாற்றிச் சாப்பிடும் தம்பதி. அப்படிப்பட்ட மனைவி மீதுதான் அவருக்குப் பொறாமை வந்தது.

அரங்குக்குத் தலைமை டெக்னீஷியன் என்று ஒரு பதவி வரப்போகிறது, சான்றிதழ் இல்லாதவருக்கு அது கிடையாது என்று மேனேஜர் சொன்னார். ஹலோ உடனே ஒரு கல்லூரியில் ஆன்லைனிலேயே நடக்கும் ஆடியோ விஷுவல் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தார். வாரத்தில் மூன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. பக்கத்தில் உட்கார்ந்து மனைவி காய் நறுக்குவாள்.

இரண்டாவது மாதம் அந்த அவமானம் நடந்தது. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியை கேட்டார். ஹலோ முந்திக்கொண்டார்.

"எர்த் கம்பியைக் கழட்டி விட்டுருவேன் மேடம். சத்தம் அப்படியே அடங்கிரும்."

"சத்தம் அடங்கும் சார். கரண்டு கசிஞ்சா மைக்கைப் பிடிச்சிருக்கிறவரும் சேர்ந்து அடங்கிருவார். அந்தக் கம்பி உயிரைக் காப்பாத்துறது. அதைத் தொடவே கூடாது."

திரையில் இருந்த நாற்பது முகங்களும் சிரித்தன. கேமராவை அணைத்தவர்தான், ஹலோ மறுபடி போடவில்லை.

படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று எழுதிப் போட்டார். கட்டிய கட்டணம் திரும்ப வராது, வேண்டுமானால் அதே இடத்தில் வீட்டில் வேறொருவர் தொடரலாம் என்று கல்லூரி எழுதியது.

"வீணாப் போறதுக்கு நான் உட்கார்றேனே," என்றாள் மனைவி.

"உட்காரு, உட்காரு. ரெண்டே நாள்ல கொட்டாவி வரும்."

வரவில்லை. கத்தியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். ஒரு வாரத்தில் ஆசிரியை அவளை "அருமை" என்றார். அடுத்த வாரம் மூன்று "அருமை". கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் தான் ஒருமுறையாவது அந்த வார்த்தையை அவளிடம் சொன்னோமா என்று ஹலோ யோசித்தார். அடுத்த கணமே, தன்னிடம் யாராவது சொன்னார்களா என்ற நினைப்பு வந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் கேட்டாள். "ஏங்க, நம்ம அரங்குல புரொஜெக்டருக்கும் திரைக்கும் நடுவுல எத்தனை அடி?"

அவர் அளந்ததே இல்லை. "தேவையான தூரம் இருக்கு. சாப்பிடு."

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவளே அளந்துவிட்டு வந்தாள். முப்பத்தாறு அடி. அந்த எண்ணைக் கேட்டதும், தன் அரங்கிலேயே தான் அன்னியனாகிவிட்டதுபோல் அவருக்கு இருந்தது.

அதற்கப்புறம் வகுப்பு நேரம் பார்த்துத்தான் அவருக்குச் செய்தி கேட்கத் தோன்றும். மாடியில் குடியிருந்த கொழுந்தியாள் ஒருநாள் இறங்கி வந்தாள்.

"அத்தான், டிவி ஏன் இப்படி அலறுது?"

"நாட்டு நடப்பு தெரிய வேண்டாமா?"

"ஓடுறது சோப்பு விளம்பரம் அத்தான்." மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "ஏதோ கருகுற வாடை வருதேன்னுதான் ஓடி வந்தேன். அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு. அப்போ வாடை உங்ககிட்ட இருந்துதான்."

மனைவி சிரித்தாள். அவருக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

மேனேஜர் வேறு தோளில் தட்டினார். "வீட்டம்மா பாஸ் பண்ணட்டும் ஹலோ, அவங்களையே போட்டுருவோம். பதவி உங்க வீட்டை விட்டு வெளியே போகல பாருங்க." ஹலோவும் சிரித்து வைத்தார். உள்ளே ஏதோ ஒன்று எரிந்து சாம்பலாகி விழுந்தது.

கடைசியாகச் செய்முறைத் தேர்வு. அதற்கு ஒரு விசித்திரமான விதி இருந்தது. மாணவி வேலை பார்க்கும் இடத்தில் உள்ள அனுபவசாலி ஒருவர் கருவிகளில் மூன்று பழுதுகளை வைக்க வேண்டும். என்னென்ன பழுது என்பது அவருக்கு மட்டும், தேர்வுக்குக் கால் மணி நேரம் முன்னால் மெயிலில் வரும். முப்பது நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அரங்கை ஓடவைக்க வேண்டும். போன் கேமரா வழியாக ஆசிரியை பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அரங்கில் அனுபவசாலி என்றால் ஒரே ஒருவர்தான். என்ன உறவு என்று படிவத்தில் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மனைவியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஹலோ உள்ளே போனார். புரொஜெக்டரை வேறு இணைப்புக்கு மாற்றினார். ஒரு நல்ல மைக் ஒயரை எடுத்துவிட்டு உள்ளே அறுந்த ஒயரைச் செருகினார். மிக்ஸரில் வலது ஸ்பீக்கரின் ஒலியைக் கீழே இறக்கினார். மெயிலில் இருந்தது அவ்வளவுதான்.

வாசலுக்கு வந்தவர் நின்றார். கதவோரச் சுவரில் கடைசி வரிசை விளக்கின் சுவிட்ச். கட்டிடம் எழுந்தபோது எந்த எலக்ட்ரீஷியனின் அவசரமோ, மேடையில் பேச்சுமேசைக்கு அடியில் மைக்கின் ரிசீவர் செருகியிருக்கும் பிளக்குக்கும் அந்தச் சுவிட்ச் வழியாகத்தான் கரண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம். உலகத்தில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பதினேழு வருடத்து உழைப்பு விரலில் வந்து நின்றது. அணைத்தார். பட்டப்பகலில் ஒரு விளக்கு அணைந்தது. அவ்வளவுதான், யார் கண்ணிலும் படாது.

அவள் உள்ளே வந்தாள். ஹலோ முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பேசக் கூடாது என்பது விதி. நான்கு நிமிடத்தில் திரையில் படம் வந்தது. பத்தாவது நிமிடத்தில் அறுந்த ஒயரைத் தனியே எடுத்துப் போட்டாள். வலது ஸ்பீக்கரும் பேசியது. பேச்சுமேசை மைக் மட்டும் ஊமையாக நின்றது.

பேட்டரியை மாற்றினாள். ஒயரைத் தொட்டுத் தொட்டுப் போனாள். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பவில்லை. இருபத்திரண்டு நிமிடம். அவள் தோற்கப்போகிறாள் என்று மனம் குதித்தது. குதித்த மனமே, இவள் யார் தெரியுமா என்று அவரைக் கேட்டது. வியர்வையைத் துடைக்க அவள் எடுத்தது அவருடைய பழைய கைக்குட்டை.

மண்டியிட்டு டெஸ்டரால் பிளக்கைத் தொட்டவள், எழுந்து கேமராவைப் பார்த்தாள்.

"மேடம், கருவில பழுது இல்ல. பிளக்குக்கே கரண்டு வரல. கட்டிடத்து வயரிங் தெரிஞ்சவங்களைக் கேக்கணும்."

"கேக்கலாம். விதியில இடமிருக்கு," என்றது போன்.

இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இந்தப் பிளக்குக்கு எங்கேர்ந்து கரண்டு வருது?"

தெரியாது என்ற ஒரு வார்த்தை போதும். கதை முடிந்துவிடும். அது நாக்கின் நுனி வரை வந்தது. அவள் கண்ணில் சந்தேகமே இல்லை. ஒரு டெக்னீஷியன் இன்னொரு டெக்னீஷியனிடம் கேட்கும் கேள்வி மட்டும் இருந்தது. அந்த அரங்கில் அவரிடம் அப்படி யாருமே கேட்டதில்லை.

எழுந்தார். கடைசி வரிசை வரை நடந்து சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. மேடையில் ரிசீவரிலும் ஒரு சின்னப் பச்சை ஒளி எரிந்தது.

"சார், இது நான் அனுப்பின பட்டியல்ல இல்லையே," என்றார் ஆசிரியை.

"இல்ல மேடம். நானா வெச்சது." சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். "அவ தோக்கணும்னு வெச்சேன்."

"மூணுதான் கணக்கு. நாலாவதை நீங்க ரெண்டு பேரும் வீட்ல பேசிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போன் அணைந்தது.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஏழாவது நிறுத்தத்தில் அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"திட்டிரேன்."

"என்னன்னு திட்ட? பொறாமைப்பட்டா என் முன்னாடி நின்னு படுங்க. சண்டையாவது போடலாம். என் முதுகுக்குப் பின்னாடி சுவிட்சை அணைக்காதீங்க." அவள் கண் நிறைந்து வழிந்தது. "கண்ணைத் தொடச்சு விடுங்க. என் கை அழுக்கு."

துடைத்துவிட்டார். அவர் கையும் அழுக்குதான்.

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. லேப்டாப்பை முதலில் திறந்தவர் ஹலோதான். தேர்ச்சி என்று இருந்தது. அதற்குக் கீழே ஆசிரியை ஒரு வரி முழுக்கப் பாராட்டு எழுதியிருந்தார். அதையும் விடாமல் அடுப்படிக்குப் போய் வாசித்துக் காட்டினார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வயிறு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"கொஞ்சமாவா, நிறையவா?"

"நிறைய," என்றார் ஹலோ. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.