பிழிந்த துணி

பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது என் தங்கை புருஷனுக்கு நடந்தது. பாதியை நானே கண்ணால் பார்த்தேன்.

மாப்பிள்ளை பிளம்பர். தன் வீட்டில் குடித்த தம்ளரைக்கூட நகர்த்த மாட்டார். வேலைக்குப் போன வீட்டிலோ மகா சுத்தக்காரர்! செருப்பை வாசலிலேயே விடுவார். பழைய துணி விரித்துத்தான் பையைத் திறப்பார். குப்பையைத் தன் பையிலேயே அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். "அடுத்தவங்க வீட்ல நம்ம அழுக்க விட்டுட்டு வரக்கூடாது" என்பார். அந்த நல்ல பழக்கமே வினையாகிவிட்டது.

அன்று ஒரு வீட்டில் குளியல்தொட்டிக் குழாய் ஒழுகியது. ஓர் அம்மா மட்டும் இருந்தார். வீடு பளிச்சென்று இருந்தது. குளியலறையிலிருந்து படுக்கையறைக்குப் போகும் வழியில் மட்டும் தூசி அப்பிக் கிடந்தது.

"குழாய மட்டும் பாருங்க. இந்தத் தரையத் துடைச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மாடிக்குப் போனார்.

மதியம் 3:10. குழாயை இறுக்கியாயிற்று. சொட்டு நின்றுவிட்டது. ஆனாலும் பின்னால் சத்தம்...

சளப்...

திரும்பினார். தூசியில் ஈரக் காலடிகள். ஒவ்வொன்றும் அவர் உள்ளங்கை அளவுதான். மாடியிலிருந்து குழந்தை ஏதோ இறங்கி வந்து விளையாடுகிறது என்று நினைத்தார். பழி தன் தலையில் விழுமே என்று ஒன்றுவிடாமல் துடைத்தார். துணியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா இறங்கி வந்தார். தரையைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நாளைக்கு ஒரு அடி வைப்பான். பதிமூணு வச்சா என் கட்டில். இன்னைக்குப் பதினொண்ணு... துடைச்சிட்டீங்களே!"

"யாரும்மா?"

"என் பையன். இந்தத் தொட்டியிலதான் செத்துப் போனான்."

மாப்பிள்ளை விட்டால் போதுமென்று வீடு வந்து சேர்ந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. துணியை அலசி, தன் குளியலறையில் பிழிந்து போட்டார்.

மறுநாள் 3:10. தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, பாத்ரூம் வாசல்ல ஈரக்கால். நம்ம பாப்பா கால் இல்ல. அவ தூங்குறா."

ஓடினேன். தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். துடைத்த துணியோடு அவனும் வந்துவிட்டான்!

குளியலறை வாசலிலிருந்து பாப்பா கட்டிலுக்கு அடி வைத்து அளந்தேன்.

நான்கு.

இரண்டாம் நாள் இரண்டாவது சுவடு. மூன்றாம் நாள் அந்த அம்மாவையே கூட்டி வந்தோம். கையில் மகனின் துண்டோடு குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"கண்ணா, அம்மா இங்க இருக்கேன்..."

3:10.

சளப்...

மூன்றாவது சுவடு அவரைத் தாண்டி விழுந்தது. கட்டிலைப் பார்த்து.

பாப்பாவை வாரிக்கொண்டு அந்த நிமிஷமே என் வீட்டுக்குக் கிளம்பினோம். வாசலில் அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"இத்தன நாளா என்னத் தேடித்தான் வர்றான்னு நினைச்சேன். அவன் துணைக்கு ஆள் தேடுறான். அவனுக்குத் தனியாக் குளிக்கப் பயம்."

பாப்பா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். என் வீடு இன்னும் சின்னது. குளியலறையிலிருந்து அவள் பாய்க்கு இரண்டே அடி.

இன்று 3:10க்கு ஒன்று விழுந்தது.

நான் துடைக்கவில்லை.