வராத வியாதி டாக்டர்

அந்தப் பெயரை வைத்தவர் எலும்பு முறிவுப் பிரிவின் தலைமை மருத்துவர். மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள், "நாங்கல்லாம் வந்த வியாதியைப் பார்க்கிறோம். இந்தம்மா வராத வியாதியைப் பார்க்கிறாங்க. பிழைச்சவனும் இல்ல, நன்றி சொல்றவனும் இல்ல" என்றார். மேசையே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் இந்த நகரத்துக்குப் பிழைக்க வந்தவர் அவர். அப்பாவுக்குக் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. தலை வலிக்கிறது என்பார். நெற்றியில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். ஐம்பத்தோரு வயதில் கிடங்கு வாசலிலேயே சுருண்டு விழுந்தார். "பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோதுதான், அவருக்குப் பிரஷர் என்று ஒன்று இருந்ததே வீட்டுக்குத் தெரிந்தது. இங்கே வந்த எட்டு வருடத்தில் ஒருவரும் அவர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்ததில்லை. மகள் அப்போது மருத்துவப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அறுவை சிகிச்சை படிக்க வேண்டும் என்ற ஆசையை அதோடு மூட்டை கட்டி வைத்தார்.

பிழைக்க வந்தவர்களுக்கான தடுப்பு மருத்துவப் பிரிவுக்கு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் பாதியைப் பழைய கோப்புகள் அடைத்துக்கொண்டிருந்தன. காலையில் நோயாளிகள், பிற்பகலில் ஆராய்ச்சி. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு உள்ளூர்ப் பெண்களில் பத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். வெளியிலிருந்து வந்த பெண்களில் இரண்டு பேர்தான். விழிப்புணர்வு இல்லை என்று மேலிடம் ஒரே வரியில் முடித்துவிட்டது.

டாக்டருக்கு அது ஒப்பவில்லை. அழைப்புக் கடிதம் போன நானூறு முகவரிகளை எடுத்துக்கொண்டு கதவு கதவாக ஏறி இறங்கினார். நூற்று நாற்பது இடங்களில் அந்தப் பெயரில் யாருமே இல்லை. கடிதம் கைக்குப் போய்ச் சேர்ந்தவர்களோ, "வாரநாள்ல பத்து மணியிலேர்ந்து பன்னிரண்டு மணிக்குள்ள வரச் சொல்றீங்க. யார் லீவு குடுப்பாங்க?" என்று கேட்டார்கள். அதையே அறிக்கையாக எழுதினார். சனிக்கிழமையும் திறக்க வேண்டும் என்று முடித்திருந்தார். "ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்தது. ஒன்றும் செய்யப்படவில்லை.

அந்த அலைச்சலில் எல்லாம் உடன் வந்தவர் மொழிக்காரம்மா. ஐந்து மொழி பேசுவார்; மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. டாக்டரைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் டாக்டருக்கு அவர் அக்கா. டாக்டர் நாலு வார்த்தை சொன்னால் அக்கா நாற்பதாகச் சொல்வார். நடுவில் கதவைத் திறந்த பெண்ணின் பிள்ளை குட்டிகளையும் விசாரித்துவிடுவார்.

டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வரத் தேவையில்லாத பரிசோதனை ஒன்றைக் கையில் எடுத்தார். சின்ன பிரஷ், ஒரு டியூப். பெண்கள் தாங்களே குளியலறையில் எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆய்வுக்கு அனுமதி கிடைக்கவே பதினான்கு மாதம் பிடித்தது. பிறகு இருவரும் சலவை ஆலைகளுக்கும் துப்புரவுப் பணியாளர்கள் தங்கும் இடங்களுக்கும் ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்துப் போனார்கள். டாக்டருக்கு வேறு கூட்டம் இருந்தால் மொழிக்காரம்மா தனியாகப் போவார்.

மூன்றாவது மாத முடிவுகள் வந்தன. எண் முன்னூற்றுப் பதினெட்டில், இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் அபாயமான வகை வைரஸ். பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர் இல்லை.

"அக்கா, இந்த முன்னூத்திப் பதினெட்டு யாரு? பேர் எழுத மறந்துட்டீங்க."

மொழிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறக்கல டாக்டர். வேணும்னுதான் எழுதல."

"ஏன்?"

"அது நான்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நீங்க வரல. சலவை ஆலையில ஒருத்தி எல்லார் முன்னாடியும் கேட்டுட்டா, 'இவ்வளவு பேசறீங்களே, நீங்க எடுத்திருக்கீங்களா?'ன்னு. பொய் சொல்ல வாய் வரல. ஒரு டியூபை எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போயிட்டேன். வெளியில வந்தப்போ பதினோரு பேர் வரிசையில நின்னாங்க."

"அதுக்கு முன்னாடி எப்போ எடுத்தீங்க?"

"எடுத்ததே இல்ல. ஊருக்குத்தானே உபதேசம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கல டாக்டர்" என்றார் மொழிக்காரம்மா. குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். வெளியே பரவவில்லை, ஆனால் ஆறு மாதம் விட்டிருந்தால் பரவியிருக்கும். அறுவை சிகிச்சைக்கு வரிசையில் பெயர் கொடுக்கப் போனால், ஒப்பந்த ஊழியர் ஆஸ்பத்திரியின் கணக்கில் வரமாட்டார் என்றது அலுவலகம். ஒப்பந்த நிறுவனமோ ஆஸ்பத்திரியைக் கேட்கச் சொன்னது. மூன்று வாரம் டாக்டர் அறை அறையாக ஏறி இறங்கினார். கடைசியில் கைகொடுத்தவர் எலும்பு டாக்டர். நடைபாதையில் நிறுத்தி விஷயத்தைக் கேட்டவர், பகடி எதுவும் பேசவில்லை. அங்கேயே நின்று அறுவை சிகிச்சைத் தலைவருக்கு போன் போட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை இடம் கிடைத்தது.

அன்று வீட்டுக்கு வந்த டாக்டர் செருப்பைக் கழற்றாமல் கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவர் குடிநீர் வாரியத்தில் பம்புகளைப் பழுது பார்ப்பவர். அதிகம் பேசாத மனிதர்.

"பதினோரு வருஷம் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. நான் ஒரு தடவைகூடக் கேக்கல."

"கேட்டிருக்கணும்" என்றார் கணவர். சமாதானம் சொல்லவில்லை. உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு வந்து, "எழுந்து கை கழுவு. சோறு ஆறுது" என்றார்.

அறுவை முடிந்து ஆறு வாரம் கதிர்வீச்சு. டாக்டர் பார்க்கப் போனபோது மொழிக்காரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

"டாக்டருக்கு நன்றி சொல்லும்மான்னு இவ தினமும் நச்சரிக்கிறா. எனக்கு நன்றி வரல டாக்டர். கோவம்தான் வருது."

"வரட்டும்க்கா."

"உங்க மேல மட்டும் இல்ல. என் மேலயும்தான். எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன், பயப்படாதீங்க, பஞ்சு மாதிரி இருக்கும்னு. பஞ்சா முள்ளான்னு எனக்கே தெரியாது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் தையல் போட்ட இடம் வலித்து மொழிக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஆய்வு முடிந்தது. நானூற்று எண்பத்தாறு பெண்கள் பரிசோதனை எடுத்திருந்தார்கள். மொழிக்காரம்மாவைத் தவிர நாற்பத்தொரு பேருக்கு வைரஸ் இருந்தது, அவர்கள் கண்காணிப்பில் சேர்க்கப்பட்டார்கள். முன்னூற்றுப் பதினெட்டை நீக்கியாக வேண்டும் என்றார் புள்ளியியல்காரர். ஆய்வை நடத்துகிறவரே அதில் ஒருவராக இருக்கக் கூடாது, விதி அப்படி. டாக்டர் தன் கையாலேயே அந்த வரியை அழித்தார். கண்டறியப்பட்ட புற்றுநோய் என்ற கட்டத்தில் பூஜ்யம் உட்கார்ந்தது.

நிதிக்குழுவில் தலைவர் அந்தக் கட்டத்தில்தான் விரலை வைத்தார். "இவ்வளவு உழைச்சு ஒரு கேன்சர்கூடக் கண்டுபிடிக்கலையே?"

டாக்டருக்கு அக்காவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. இன்னொருவர் நோயைச் சபையில் வைக்க அவருக்கு உரிமை இல்லை. விழுங்கிக்கொண்டார்.

"நாற்பத்தொரு பேருக்கு வராம பார்த்துக்கலாம் சார்."

"வராததை நான் எப்படிக் காட்டுறது?" என்றார் தலைவர். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். டியூப் திட்டத்தை நகரம் முழுக்கக் கொண்டுபோகும் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பழைய கோப்பிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து ஒப்புதல் கொடுத்தார்கள்: சனிக்கிழமைகளில் பிற்பகல் மருத்துவம், ஆறு மாதச் சோதனைக்கு.

முதல் சனிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியிருந்த மொழிக்காரம்மா, அரை நாள்தான் முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். மூன்று பெண்கள் பரிசோதனை எடுத்துக்கொண்டார்கள். நான்காவது ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கட்டடத் தொழிலாளி.

மொழிக்காரம்மா விசாரித்துவிட்டுத் திரும்பினார். "இவருக்குப் பல்வலியாம். சனிக்கிழமை திறந்திருந்த கதவு இது ஒண்ணுதானாம்."

டாக்டர் பெருமூச்சு விட்டபடி எழுந்து டார்ச்சைத் தேடி எடுத்தார்.

"வெளிச்சத்துப் பக்கம் வந்து வாயைத் திறக்கச் சொல்லுங்கக்கா."