லாரியில் வந்த வண்டு

மல்லசமுத்திரம் மரக்கடைச் சின்னான் பிடித்த வண்டின் மீசை இங்கிருந்து ஆத்தூர் வரை நீளும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். மீசை ஒரு விரல் நீளம். உடம்பைவிட அது நீளம் என்பது மட்டும் சத்தியம்.

சின்னானுக்கு லோடு இறக்கும் வேலை. முப்பது வருடமாகக் கட்டை சுமந்ததில் வலது தோள் சற்று இறங்கியிருக்கும். எந்தக் காட்டு மரம் என்று பட்டையை முகர்ந்தே சொல்வார். அவர் பிடித்ததை நான்தான் வாங்கி, எங்கள் மாடியில் குடியிருக்கும் தேவிப்ரியாவிடம் கொடுத்தேன். அந்தப் பெண் நான்கு வருடமாக நீளமீசை வண்டுகளை ஆராய்கிறாள். மலை வண்டும் சமவெளி வண்டும் ஒரே இனமா, இரண்டா என்பது அவள் கேள்வி. சமவெளி வண்டு மட்டும் கைக்குச் சிக்கவே இல்லை.

சமவெளியான மல்லசமுத்திரத்தில் சிக்கிய இதை மலை வண்டுகளோடு வைத்துப் பார்த்தாள். துளி வித்தியாசம் இல்லை. ஒரே இனம் என்று கட்டுரையை முடித்து, வண்டைக் குத்திய ஊசியில் ‘மல்லசமுத்திரம்’ என்று சீட்டும் மாட்டினாள். ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு முதல் நாள், நன்றி சொல்லச் சின்னானைக் கூப்பிட்டாள். அவர் சீட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“ஏனுங்க அம்மிணி, ஊரைத் தப்பா எழுதிப் போட்டீங்களே?”

“உங்க மரக்கடையில புடிச்சதுதானுங்கண்ணா?”

“புடிச்சது இங்கதானுங்க. பொறந்தது இங்க இல்லீங்க. கட்டை முனையில பச்சைப் பெயிண்டு இருந்துச்சு, அது கொல்லிமலை லோடு. ஓசி லாரில வந்த பயலுக்கு நம்மூரு ரேஷன் கார்டு குடுக்கறீங்களே!”

தேவிப்ரியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மலை வண்டை மலை வண்டோடு ஒப்பிட்டிருக்கிறாள்! அச்சேறியிருந்தால் நான்கு வருட உழைப்பும் பாழ்.

இதழிடம் ஒரு மாதம் அவகாசம் வாங்கினாள். சின்னான் ஞாயிறுதோறும் மனைவி செல்லாயியோடு, வெட்டாத மரங்களாகப் பார்த்து அலைந்தார். நான்காவது ஞாயிறு ஏரிக்கரை அத்திமரத்தடியில் புது மரத்தூளைக் கண்டார். மேலே துளை, துளையோரம் வண்டு. வெறுங்கையால் பிடித்துச் சோறு கொண்டுபோன தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு வந்தார். அதே கரையில் பிறகு ஆறு கிடைத்தன. ஏழுக்கும் முதுகுப் புள்ளி வேறு, தோள் முள் வேறு. இரண்டும் வெவ்வேறு இனங்கள்தான்.

கட்டுரை இப்போது வந்துவிட்டது. அதில் சின்னானுக்கு நன்றி சொல்லி ஒரு வரி இருக்கிறது. வாங்குகிற கூலிக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் இத்தனை ஞாயிறுகளைக் கொடுத்தவருக்கு ஒரு வரி போதாது என்றுதான் நான் இதை எழுதினேன். அவர் வீட்டிலேயே வாசித்தும் காட்டினேன். சின்னான் கூச்சத்தில் நெளிந்தார். செல்லாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க. ஆனா அந்தத் தூளை மொதல்ல பாத்தது நானுங்க. வண்டைப் புடிச்சதும் நானுங்க. இவரு போசி மூடியைப் புடிச்சுக்கிட்டுப் பத்தடி தள்ளி நின்னாரு.”