நான் நீட்டின உலகப் பாட்டு

எங்கள் கிணற்றில் தண்ணீர் அளப்பதற்குப் பாட்டுதான் படி. ஏற்றம் இறைக்கிறவர் ஒரு சால் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்க்கும்போது ஒரு அடி பாடுவார். அடுத்த சாலுக்கு அடுத்த அடி. பாட்டு முடிந்தால் அன்றைய பங்கு முடிந்தது, மடையை அடுத்தவருக்கு மாற்றிவிட வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். எண்ணுகிறவன் எழுபது வரைக்கும் போய்விட்டு, மறதி வந்த மாதிரி மறுபடி அறுபதிலிருந்து ஆரம்பிக்கலாம். தூரத்தில் களை பிடுங்குகிறவனுக்கு அது தெரியாது. பாட்டில் அந்த வேலை நடக்காது. ஊருக்கே மனப்பாடம். பாடின அடியை இரண்டாம் தரம் பாடினால் மூன்று கொல்லை தள்ளி இருப்பவன்கூட நிமிர்ந்து பார்ப்பான்.

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டுப் பக்கம் எங்கள் ஊர். கிணறு எங்களுக்கும் மாமனுக்கும் பொது. மாமன் என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். அம்மா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே தெருதான். கல்யாணத்தன்று மாட்டு வண்டி வைத்தார்களாம், மாடு திரும்புவதற்குள் வீடு வந்துவிட்டதாம். இரண்டு வீட்டாருக்கும் சொந்த நிலம் கிடையாது. கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டும் அந்தப் பக்கம் ஒரு துண்டும், விளைச்சலில் பங்கு கொடுப்பதாக, வாரத்துக்கு எடுத்திருந்தார்கள். மாமன் துண்டு களிமண். எங்களுடையது மணல், ஊற்றின தண்ணீரை ஏப்பம்கூட விடாமல் குடித்துவிட்டு மறுபடி வாயைப் பிளக்கும். சித்திரையில் இரண்டு பேரும் கேழ்வரகு நடுவார்கள். அது விளைந்தால் ஐப்பசி மழை வரைக்கும் எங்களுக்குக் கூழ் உண்டு. விளையாவிட்டால் அடுத்த வீட்டுக் கூழின் வாசனை உண்டு.

அப்பாவை நாங்கள் நைனா என்போம், நைனா சால் பிடிப்பார். அண்ணன் ஏற்ற மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடப்பான். அவன் கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும், திரும்பி நடந்தால் ஏறும். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது, உடம்பில் எலும்பு மட்டும் வளர்ந்திருந்தது. எடை போதாமல் மரத்தில் ஒரு கல்லைக் கட்டிப் பார்த்தார்கள். கல் நழுவிக் கிணற்றில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் என்னை ஏற்றினார்கள். ஒன்பது வயதுப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிப் பாதி வழியில் புளியங்காய் அடித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான், கல் பார்த்த வேலைக்கு வந்து சேருவாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்ணன் முதுகைப் பிடித்தபடி நடப்பேன். நைனா பாடுகிற அடியை நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதில் மட்டும் கல்லைவிட நான் ஒரு படி மேல்.

நாங்கள் பாடியது உலகப் பாட்டு. பிள்ளையாரைக் கும்பிட்டு ஆரம்பித்து, உலகத்தில் இருக்கிற பெரிய மனுஷர்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து மானத்தை வாங்கி, கடைசியில் மாரியாத்தாளைக் கும்பிட்டு முடியும். ஏறக்குறைய இருநூறு அடி. யார் கட்டியதென்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்குக் கொஞ்சம் அழுதுவிட்டுப் போயிருந்தது.

*ராசா ரெண்டு பேரு ரோசத்துல மோத*
*கூசாவப் பறிகுடுத்தா குப்பத்துப் பொம்பள.*

இப்படி ஒன்று, கூசா என்றால் தண்ணீர்க் குடுவை. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் அரிசி கிடைக்காமல் போனதற்கு இன்னொன்று.

*அரிசி எங்கடான்னா கப்பலேறி வருதாம்*
*பரிசல் கெடைக்காம பாதி வழி நிக்குதாம்.*

அந்தக் கோடையில் கிணறு பாதாளத்துக்குப் போயிருந்தது. ராத்திரியெல்லாம் ஊறினாலும் காலையில் இரண்டு பாட்டுக்குத்தான் தண்ணீர் இருக்கும். ஒன்று எங்களுக்கு, ஒன்று மாமனுக்கு. அதற்கு மேல் சால் இறங்கினால் சேறு. அந்த மாதம் முதலில் இறைக்கிற முறை எங்களுடையது. நாங்கள் பாடி முடித்தபின் மாமன் தன் பிள்ளைகளோடு வந்து ஏற்றத்தில் நிற்பார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. முந்தின ஐப்பசியில்தான் வடக்கே பனிமலையில் சண்டை நடந்திருந்தது. உத்திரமேரூர் டீக்கடையில் பேப்பர் படிப்பதைக் கேட்டுவிட்டு வந்து அண்ணன் சொல்லுவான். பாதியை அவன் மறந்துவிடுவான், மீதியை நான் தப்பாகப் புரிந்துகொள்வேன். அதை வைத்து ஒரு நாள் மரத்தின் மேலிருந்தே எடுத்துவிட்டேன்.

*பனிமல மேல சண்ட, பட்டாளம் போச்சாம்*
*பனியே பாக்காத எங்கூட்டு அடுப்பு அணஞ்சி போச்சாம்.*

பக்கத்துக் கொல்லையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் மாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நைனா என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரும் சிரித்தார். சிரித்ததோடு விடாமல் மறுநாள் பாட்டு முடிகிற இடத்தில் அவரே அதை எடுத்துப் பாடி, இரண்டு சால் ஊற்றினார். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அதுவரை அந்த வீட்டில் நான் சொன்ன எதையும் யாரும் இரண்டாம் தரம் சொன்னதில்லை.

அப்புறம் சொல்ல வேண்டுமா. தினமும் கட்டினேன். எங்கள் ஊருக்குச் செய்தி மாட்டு வண்டியில்தான் வரும், ஆகாசத்துக்கு நாயை அனுப்பின சங்கதி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது.

*நாய ஏத்தி வானத்துக்கு நாலு சுத்து வுட்டானாம்*
*பேயிற மழ எங்கடான்னா பேச்ச மாத்திப் பூட்டானாம்.*

நைனா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இன்னும் ரெண்டு அடி கட்டு பாப்பா" என்று அவரே கேட்டார். பத்து நாளில் உலகப் பாட்டு முப்பது அடி நீண்டுவிட்டது. எங்கள் மணலுக்கு முப்பது சால் கூடப் போனது. மாமனுடைய பாட்டு மாரியாத்தாளிடம் வருவதற்கு முப்பது அடி முன்னாலேயே சால் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று பாட்டுக் கட்டுகிற பெரிய புலவருக்குத் தோன்றவில்லை.

பதினோராம் நாள் நாங்கள் இறைத்துக்கொண்டிருக்கும்போதே மாமன் வந்தார். கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டில் குந்தினார். நாய் வானத்துக்கு ஏறுகிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"இன்னா மச்சான், ஒலகத்துல கஷ்டம் ரொம்ப ஜாஸ்தியா பூட்ச்சா?" என்றார்.

நைனாவுக்குக் கை நின்றுவிட்டது. நாங்கள் மரத்தின் நடுவில் நின்றோம். சால் கிணற்றில் பாதியில் தொங்கியது.

"நான் இன்னா பண்றது? நடக்கறதத்தான பாடறோம். கஷ்டம் ஏறிக்கினு போவுது, பாட்டும் ஏறுது" என்றார் நைனா, மாமன் முகத்தைப் பார்க்காமல்.

"ஏறட்டும். வேணாம்னு சொல்லல. புதுசு ஏறுனா பழசு எறங்கணும்ல? எந்தக் கஷ்டம் தீந்து போச்சோ, அத எறக்கு."

நியாயமான பேச்சு. ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரும் சத்தம் கேட்டு வந்த இன்னும் இரண்டு பேரும் மேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இருநூறு அடியையும் வரிசையாகச் சொல்லி, முடிந்துபோன கஷ்டம் எது என்று தேட ஆரம்பித்தார்கள். நைனா ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு ராசா சண்டையை எடுத்துவிடலாமா என்றால், இப்போதுதானே பனிமலையில் சுட்டுக்கொண்டார்கள் என்றார் ஒருவர். கப்பல் அரிசியை எடுத்துவிடலாம் என்று மாமனே சொன்னார். ஏர் ஓட்டுகிறவர் தன் வீட்டுக்காரி காலையிலிருந்து ரேஷன் கடையில் நிற்பதை ஞாபகப்படுத்தினார். வாரம் வாங்கும்போது மரக்காலைக் குலுக்கி அளக்கிற நிலத்துக்கார ஆண்டையைப் பற்றி எட்டு அடி இருந்தது. அதற்கு எல்லோரும் அக்கம் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். அம்மை நோயைப் பற்றின அடிக்கு, தெருக்கோடியில் ஒரு வீட்டு வாசலில் அன்றைக்கும் வேப்பிலை செருகியிருந்தது.

கடைசியில் ஒருவர் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரத் துரைதான் போய்விட்டானே, அவன் பேரில் இருக்கிற இரண்டு அடியை இறக்கிவிடலாம் என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். நைனா அதைப் பாடிக் காட்டினார்.

*குதிர மேல வந்தவரு குனிஞ்சி பாக்கல*
*எதிர நின்ன பஞ்சத்துக்குப் பேரு கேக்கல.*

"இப்ப ஜீப்புல வராங்க" என்றார் மாமன். அதுவும் இறங்கவில்லை.

இப்போதும் சாயங்காலத்தில் என் மருமகள் டிவியில் செய்தி வைத்தால் நான் அந்த இருநூறு அடியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதுண்டு, ஏதாவது ஒன்றை இறக்கிவிட முடியுமா என்று. அம்மை நோய் ஒன்றைத்தான் இறக்கினேன். இறக்கின கையோடு ஊரே வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தது. மறுபடி ஏற்றிவிட்டேன்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கேழ்வரகு இரண்டு பக்கமும் காய்ந்துகொண்டிருக்க, ஐந்து ஆம்பிளைகள் உலகத்துக் கஷ்டத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் அம்மா கூழ்ப்பானையோடு வந்தாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் அண்ணன். யார் பக்கமும் நிற்காமல் பானையை இறக்கி வைத்தாள். என்ன சங்கதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"புதுப் பாட்ட யார் வேணா பாடிக்குங்க. அந்தத் தண்ணி மட்டும் அடுத்தவன் மடைக்குப் பூடணும்" என்றாள்.

ஏர் ஓட்டுகிறவர் தொடையைத் தட்டினார். இதைவிட நல்ல தீர்ப்பு கிடையாது, இதுதான் முறை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மாமனும் தலையாட்டினார். நைனாவும் சரி என்றுதான் சொன்னார்.

மறுநாள் நைனா மாரியாத்தாளைக் கும்பிட்டுச் சாலைக் கவிழ்த்து வைத்துவிட்டார். நான் விடுவேனா, மரத்தின் மேலிருந்து பனிமலையை எடுத்தேன். என் குரல் மட்டும் கேட்டது. நைனா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஆத்தா பேரைச் சொல்லி முடித்த பாட்டில் நாயை ஏற்றக் கூடாது, தெய்வக் குத்தம் என்றார். பத்து நாள் அந்த நாய் ஏறும்போது ஆத்தா எங்கே போயிருந்தாள் என்று நான் கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது.

அன்றையிலிருந்து எனக்கு அம்மா மேல் கோபம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் பாட்டை ஒரே வார்த்தையில் கொன்றுவிட்டாள். கூழ் குடிக்காமல் இருந்து பார்த்தேன். அதனால் அண்ணன்தான் கொஞ்சம் தேறினான். நாலைந்து நாளில் எங்கள் கேழ்வரகு நுனி சுருண்டு, வரப்போரத்தில் வெளுக்க ஆரம்பித்தது. நைனா சாயங்காலத்தில் தனியாகப் போய் அதன் நடுவில் நிற்பார். என்னைப் போலவே அவருக்கும் பாட்டு போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் நாங்கள் இறைத்து முடித்து இறங்கினோம். மாமன் முறை. அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் மரத்தில் ஏறினார்கள். மாமன் சாலைப் பிடித்தார். பிள்ளையாரைக் கும்பிடுவார் என்று பார்த்தால், எடுத்த எடுப்பில் பனிமலையைப் பிடித்தார். என் பாட்டு. ஒரு ஆளை அனுப்பி மடையை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

மாமனுடைய குரல் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கும். அதுவும் போகட்டும், அடிகளை மாற்றிப்போட்டார். பட்டாளத்தை வானத்துக்கு அனுப்பினார், நாயைப் பனிமலைக்கு ஏற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை, வரப்பில் நின்று திருத்திக்கொண்டே வந்தேன். அவர் சரிடி, சரிடி என்று சொல்லி மறுபடி பாடினார். முப்பது அடிக்கு முப்பது சால், முழுக்க எங்கள் மணலுக்குப் போனது. அதற்கு அப்புறம்தான் தன் பக்கம் மடையைத் திருப்பிப் பிள்ளையாரிடம் போனார். மாரியாத்தாளிடம் வருவதற்குள் கிணற்றில் சேறு வந்துவிட்டது.

கதிர் பிடிக்கிற வரைக்கும் தினமும் இப்படியே செய்தார். நைனாவால் தடுக்க முடியவில்லை. அம்மா வைத்த முறை, ஐந்து பேர் நடுவில் ஒத்துக்கொண்டது.

பிற்பாடு நான் அந்த வீட்டுக்கே மருமகளாகப் போனேன். ஏற்ற மரத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளில் பெரியவர்தான் எனக்கு வாய்த்தவர். அந்த வருஷம் தங்கள் துண்டில் கடைசி இரண்டு பாத்தி கருகிவிட்டது, களிமண்ணாக இருந்ததால் மீதி தப்பித்தது என்று அவர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். எதற்கு அப்படிச் செய்தார் உங்கள் நைனா என்று கேட்டேன். பெண் எடுத்த வீட்டில் போய்த் தண்ணீர் கொடு என்று உங்கள் நைனா வாய்விட்டுக் கேட்பாரா, கேட்காதவருக்கு வேறு எப்படித்தான் கொடுக்கிறது என்றார். அப்போது எனக்கு இருபது வயது. என் பாட்டுக்கு நைனா கண்ணில் நீர் வரச் சிரித்தாரே, அது எந்த நீர் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

ஆனால் ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், ஊரில் ஒரு மனுஷருக்காவது என் பாட்டின் அருமை தெரிந்திருக்கிறது. மாமன் என் பாட்டைப் பாடின அந்த முதல் நாள், இறைத்து முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்த அவரிடம் போய் நின்றேன். எந்த அடி மாமா ரொம்பப் பிடித்தது என்று கேட்டேன்.

மாமன் மூச்சு வாங்கிக்கொண்டே எங்கள் கேழ்வரகைப் பார்த்தார்.

"எல்லாமே நல்லாத்தான் கீது. இன்னும் பத்து அடி கட்டுடி. நம்ம ஊர்ல கஷ்டத்துக்கா கொறச்சல்?" என்றார்.

நான் துள்ளிக்கொண்டு திரும்பினேன். நைனா வாய்க்காலில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். மறுபடியும் மறுபடியும் அள்ளிக் கழுவினார். அவர் வேண்டாம் என்று விட்ட பாட்டுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதே, பொறாமை தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.