லான்சோவுக்குப் போன மன்னிப்புக் கடிதம்

செப்டம்பர் மாதம், பாரிஸில் என் கடைசி நாள். வேதியியல் மாநாடு முந்தைய நாளே முடிந்துவிட்டது. நான்கு நாளாகத் தமிழில் பேச ஒரு நாதியில்லை. காலை பத்தே முக்காலுக்குக் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெரு வழியே வடக்கே ஐந்து நிமிடம் நடந்தேன். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேலின் பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்தைக் கண்டதும் நின்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரன் செய்யக் கூடாதுதான்; செய்தேன்.

பதினொரு மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. தோசை ஆறு யூரோ. உட்கார இடமில்லை.

“அண்ணை, இஞ்சை இந்தப் பிள்ளையோடை இருங்கோ,” என்றார் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர். “சீனப் பிள்ளை. பக்கத்துத் தெரு ரூ பஜோலிலைதான் அறை. எப்பவும் தனியத்தான் வரும்.”

பெயர் லின். ஐந்து வருடமாக இங்கே மண் ஆராய்ச்சி. ஆங்கிலத்தில் பேசினோம். நான் நெல்லையில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவர் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

போன மாதம் அவளுக்குச் சீனாவில், சொந்த ஊரான லான்சோவில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். அங்கிருந்த மூத்த பேராசிரியர் ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்ல, எல்லோர் முன்னாலும் இவள் திருத்திவிட்டாள்.

“இங்கே என் பேராசிரியரை வாரம் ஒரு முறை திருத்துவேன். அவருக்கு அதில் சந்தோஷம். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திவிட்டது.”

மன்னிப்புக் கடிதம் தந்தால் வேலை உண்டாம். இன்றே, அங்கே மாலை ஆறு மணிக்குள், அதாவது இங்கே பன்னிரண்டுக்குள், போய்ச்சேர வேண்டும். எழுதிய கடிதம் கைப்பேசியில் தயாராக இருந்தது.

“உங்களிடம் இந்தக் கடிதம் வந்தால் என்ன செய்வீர்கள்?”

பொய் சொல்ல நா எழவில்லை. “வேலை கொடுப்பேன். பிறகு என்றைக்காவது நீ எதிர்த்துப் பேசினால், இதை எடுத்து மேசைமேல் வைப்பேன்.”

அவள் கடிதத்தை மறுபடி ஒருமுறை படித்தாள்.

“அம்மா இல்லை. அப்பா அங்கே தனியாக இருக்கிறார்,” என்றாள். பன்னிரண்டாக ஏழு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். எனக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள். தோசை பாதி அப்படியே கிடந்தது.

விமான நிலைய ரயிலுக்குப் பதின்மூன்று யூரோ. முப்பத்தைந்து நிமிடமும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன். என் அலுவலக பீரோவில் அப்படி நான்கு கடிதங்கள் இருக்கின்றன. எழுதிய நால்வரும் இன்றும் என் துறையில்தான் வேலை பார்க்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். பேசமாட்டார்கள்.